வாக்கில்லாதார் கொண்ட அச்சம்

நம் நாட்டில் தேர்தல் என்றதும் சுவரெழுத்தும் ஒலிபெருக்கியும் விரலில் இடும் மையுமே நினைவுக்கு வரும். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பார்லிமெண்டு உறுப்பினர்களும் மாநிலச் சட்டசபை உறுப்பினர்களும் கூடி, வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று தங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்திக் குறித்து, சீட்டைப் பெட்டியில் இட்டுவிட்டுப் போவார்கள். நம் வாயிலில் வந்து கைகூப்புவார் எவருமில்லை. ஆகவே, வேற்றூர்த் தேர்த் திருவிழாவைப் பத்திரிகையில் படிப்பதுபோல அதனைப் படித்துவிட்டு நாம் நம் அலுவலுக்குப் புறப்பட்டுவிடுவது வழக்கம்.

அவ்வழக்கம் 1969-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அடியோடு மாறிப்போயிற்று. வாக்கு இல்லாதவர்களே அத்தேர்தலைப் பற்றி அதிகமாகப் பேசினார்கள். வாக்கு இல்லாதவர்களே அதிகமாக அஞ்சினார்கள். டில்லிக் கரோல்பாகிலும் பம்பாய் மாதுங்காவிலும் கல்கத்தாவில் ஏரிப் பக்கத்துத் தெருக்களிலும் குடியிருந்த நம்மவர்கள் அதற்கு விலக்கானவர்கள் அல்லர். அந்நாட்களை நேரில் கண்ட பெரியோர் சிலர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எதற்காக அஞ்சினீர்கள் என்று அவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். அந்த விடைகளையும், பின்னர் நாடு கண்ட நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றியது. அதன் பயனே இக்கட்டுரை.

1969 மே 3-ஆம் தேதி டாக்டர் ஜாகீர் உசேன் காலமானார். அதற்கு முன் எந்தக் குடியரசுத் தலைவரும் பதவிக் காலத்திலேயே மறைந்ததில்லை. துணைத் தலைவராயிருந்த வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பை ஏற்றார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். ஜூலை மாதத்தில் பங்களூர் லால்பாகில் உள்ள கண்ணாடி மாளிகையில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, யாரை நிறுத்துவது என்ற வினா எழுந்தது. பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன்ராமின் பெயரைச் சொன்னார். கட்சியின் பார்லிமெண்டரி போர்டோ, லோக்சபைச் சபாநாயகர் நீலம் சஞ்சீவ ரெட்டியைப் பெரும்பான்மையினால் தேர்ந்தெடுத்தது. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ். கே. பாட்டீல், அதுல்ய கோஷ் முதலியோரைச் சேர்த்துப் பத்திரிகைகள் ‘சிண்டிகேட்’ என்று அழைத்துவந்தன. அவ்வணியின் வெற்றியாகவே அந்த முடிவு கருதப்பட்டது. பிரதமர் மனக்கசப்போடுதான் ரெட்டியின் நியமனப் பத்திரத்தில் கையொப்பமிட்டார்.

அதன் பின் ஒவ்வொரு நாளும் ஒரு செய்தியைக் கொண்டுவந்தது. ஜூலை 16-ஆம் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகா எடுக்கப்பட்டது. 19-ஆம் தேதி, ஐம்பது கோடி ரூபாய்க்குக் குறையாத டிபாசிட்டு உள்ள பதினான்கு பாங்குகள் அவசரச் சட்டத்தினால் நாட்டுடைமை ஆயின. அச்சட்டத்தில் கையொப்பமிட்ட கிரி, மறுநாளே தம் பதவியைத் துறந்து, காங்கிரஸ் வேட்பாளருக்கு எதிராகச் சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். சந்திரனில் மனிதன் கால்வைத்த அதே வேளை அது. உலகமெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்க, டில்லி மட்டும் தன் வீட்டு முற்றத்தையே பார்த்திருந்தது. தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை என்றாகிவிட்டதால் சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா குடியரசுத் தலைவரின் இடத்தில் அமர்ந்தார். ஜூலை 31-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் டில்லிக்கு வந்தபோது இந்தியக் குடியரசின் சார்பில் வரவேற்றவர் அவரே.

இனி, நம்மவர் வீடுகளில் இத்தேர்தல் ஏன் இத்துணைப் புயலைக் கிளப்பியது என்பதற்கு வருவோம். போட்டியிட்டவர்களில் முக்கியமானவர் மூவர். மூவருக்கும் பின்னால் ஒரு தமிழ்த் தொடர்பு இருந்தது. ரெட்டிக்குக் காமராஜரின் ஆதரவு. கிரிக்குத் தமிழ்நாட்டில் ஆட்சி செலுத்திய தி. மு. கழகத்தின் ஆதரவு. மூன்றாமவர் சி. டி. தேஷ்முக், ரிசர்வ் பாங்கின் கவர்னராகவும் மத்திய நிதி மந்திரியாகவும் விளங்கியவர். அவரை ஜனசங்கத்தோடு சேர்ந்து நிறுத்தியது ராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சி. காமராஜர் பக்தரான தந்தை, கழகப் பற்றுள்ள மகன், ராஜாஜியின் எழுத்தை விடாமல் படிக்கும் மாமா என்று மூவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து காப்பி அருந்திய வீடுகள் அன்று எத்தனையோ! அம்மூவரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. ஆயினும், ஏதோ தங்கள் சீட்டினால்தான் தராசு சாயப்போகிறது என்பதுபோல வாதிட்டார்கள்.

கிரியும் நம்மவருக்குப் புதியவர் அல்லர். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்தவர். 1937-இல் ராஜாஜியின் மந்திரி சபையில் தொழில் மந்திரியாயிருந்தவர். ரயில்வேத் தொழிலாளர் சங்கங்களை வளர்த்தவர். பாங்கு ஊழியர்களுக்கு அவரிடம் தனிப் பற்றுதல் உண்டு. 1954-இல் பாங்கு ஊழியர் சம்பளத் தீர்ப்பை அரசாங்கம் மாற்றியமைத்தபோது, அதனை ஏற்க மனமின்றி மத்தியத் தொழில் மந்திரி பதவியை உதறியவர் அவர். நாட்டுடைமையான பதினான்கு பாங்குகளில் இந்தியன் பாங்கும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. வட இந்திய நகரங்களில் பாங்குப் பேரேடு எழுதிப் பிழைத்த குடும்பங்களுக்கு, எங்கோ நடக்கும் தேர்தல் அடுப்படி வரையில் வந்துவிட்டது.

அச்சம் இரு வகையாயிருந்தது. ரெட்டி வென்றால் அவர் சிண்டிகேட்டின் சொற்படி பிரதமரைப் பதவியினின்றும் நீக்கிவிடுவார், பாங்குகள் பழைய முதலாளிகளிடமே திரும்பிவிடும் என்று ஒரு சாரார் நடுங்கினார்கள். கிரி வென்றால் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கும், இன்று பாங்கு, நாளை வீடு, அதற்கடுத்த நாள் வீட்டிலுள்ள நகை என்று எல்லாம் போய்விடும், தனி ஒருவரின் சர்வாதிகாரம் தலைதூக்கும் என்று மற்றொரு சாரார் நடுங்கினார்கள். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது அச்சம் ஒன்று நம்மைப்போல் பிறமாநிலத்தில் வாழ்வோருக்கே உரியதாயிருந்தது. 1966 முதல் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிரான இயக்கம் வலுத்துவந்தது. 1969 பிப்ரவரியில் அந்நகரம் பெருங்கலவரத்தைக் கண்டிருந்தது. 1967 தேர்தலுக்குப் பின் மாநில ஆட்சிகள் பல, இன்று அமைந்து நாளை கவிழ்ந்துகொண்டிருந்தன. மத்தியில் உள்ள ஒரே அரசும் இரண்டாகப் பிளந்துவிட்டால், பிறமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு யார் காவல் என்ற கேள்வி பலர் நெஞ்சில் இருந்தது. கூடத்து வாதங்களில் இக்கேள்வி அதிகமாக வெளிவரவில்லை. குழந்தைகள் உறங்கிய பின்னரே பேசப்பட்டது.

குடியரசுத் தலைவர் பிரதமரை நீக்குவார் என்ற அச்சம் வெறும் பாமரப் பேச்சு அன்று. அரசியல் சட்டத்தின் எழுத்திலேயே அதற்கு இடம் இருந்தது. குடியரசுத் தலைவருக்கு உதவியும் யோசனையும் கூற மந்திரி சபை உண்டு என்று மட்டுமே அன்றைய சட்டம் சொல்லிற்று. அந்த யோசனைப்படியே அவர் நடந்தாக வேண்டும் என்ற சொல் அதில் இல்லை. மந்திரிகள் குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில் பதவி வகிப்பார்கள் என்ற வாசகமோ தெளிவாக இருந்தது. நம் நாடு பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றுவதால் தலைவர் பெயரளவினரே என்று பலர் எண்ணியிருந்தாலும், பாபு ராஜேந்திர பிரசாத் பதவியில் இருந்தபோதே, 1960-இல், தலைவரின் அதிகார எல்லையை ஆராய வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசியிருந்தார். விடை கிடைக்காத அக்கேள்விக்குள்தான் 1969-இல் வதந்தி புகுந்து குடியேறியது.

வதந்தியோடு வசையும் வந்தது. ரெட்டியின் ஒழுக்கத்தை இழிவாகத் தூற்றும் துண்டுப் பிரசுரம் ஒன்று, எழுதியவர் பெயரின்றி, பார்லிமெண்டு உறுப்பினர்களிடையே உலவியது. அதில் எழுதப்பட்டிருந்தவற்றை இங்கே திருப்பிச் சொல்வது நமக்கு உவப்பானதன்று. இதனிடையே, சுதந்திராவும் ஜனசங்கமும் தங்கள் இரண்டாம் விருப்பு வாக்குகளை ரெட்டிக்கு அளிக்க வேண்டும் என்று நிஜலிங்கப்பா அக்கட்சிகளின் தலைவர்களைக் கண்டு பேசினார். எதிரெதிர் முகாம்களில் நின்ற ராஜாஜியின் கட்சியும் காமராஜரின் வேட்பாளரும் இவ்வாறு ஒரே சீட்டில் முன்னும் பின்னுமாகச் சேர்ந்தனர். வலதுசாரிகளோடு இரகசிய உடன்பாடு என்று பிரதமர் பக்கத்தார் கூக்குரலிட்டனர். ரெட்டிக்கே வாக்களிக்க வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கட்டளையிடப் பிரதமர் மறுத்தார். அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற முழக்கம் எழுந்தது. தாம் முன்மொழிந்த வேட்பாளரையே தோற்கடிக்கப் பிரதமர் வழிசெய்தார் என்பது இதன் பொருள். அதனை அறம் என்று கொண்டாடியவர்களும், துரோகம் என்று ஏசியவர்களும் அன்று சம அளவில் இருந்தனர். நமக்கோ, மனச்சாட்சி என்ற சொல் கட்சிக்கு ஆபத்து வந்த வாரத்தில் மட்டும் நினைவுக்கு வந்ததுதான் வியப்பாயிருக்கிறது.

ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். மறுநாள், 16-ஆம் தேதி, வாக்குப் பதிவு நடந்தது. எண்ணிக்கை 20-ஆம் தேதி என்று குறிக்கப்பட்டிருந்ததால் இடையிலே நான்கு நாட்கள் நெருப்பின்மேல் நிற்பதுபோல நின்றன. இரகசிய வாக்கு ஆதலால் யார் எவருக்கு அளித்தார் என்று எவருக்கும் தெரியாது.

அந்த எண்ணிக்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பார்லிமெண்டு உறுப்பினரின் வாக்குக்கும் அன்று 576 என்ற மதிப்பு. சட்டசபை உறுப்பினரின் மதிப்பு மாநிலத்தின் ஜனத்தொகையைப் பொறுத்தது. தமிழ்நாட்டுச் சட்டசபை உறுப்பினர் ஒருவருக்கு 144. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. அதில் பாதிக்கு மேல், அதாவது 4,18,169 பெற்றால் வெற்றி. முதல் விருப்பு வாக்குகளை எண்ணியபோது கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. கிரி முன்னணியில் இருந்தார். ஆனால் எல்லைக் கோட்டைத் தொடவில்லை. வானொலியில் இது கேட்டவுடன் ஒரு வீட்டில் ஆரவாரம், அடுத்த வீட்டில் கணக்குப் புத்தகம்! ஏனெனில் தேஷ்முக் பெற்ற வாக்குகளின் இரண்டாம் விருப்பம் அப்படியே ரெட்டிக்குச் சேர்ந்தால் கிரி தோற்பார். கீழிருந்த வேட்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராக நீக்கப்பட்டு, அவர்களுடைய சீட்டுகள் பிரித்துச் சேர்க்கப்பட்டன. கடைசியில் நின்ற கணக்கு: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

வித்தியாசம் 14,650. பார்லிமெண்டு உறுப்பினர் கணக்கில் சொன்னால், பதின்மூன்று பேர் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் மாறியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். இதற்கு முன்னும் பின்னும் நம் குடியரசுத் தலைவர் தேர்தல் எதுவும் இவ்வளவு நெருக்கமாக முடிந்ததில்லை. முதற்சுற்றில் முடிவாகாமல் இரண்டாம் விருப்பத்தை எண்ண நேர்ந்ததும் இது ஒன்றில்தான். டில்லியில் மக்கள் தெருவில் ஆடினார்கள், பட்டாசு வெடித்தார்கள். தோற்ற பக்கத்தார் கதவை அடைத்துக்கொண்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? வீட்டு நகையை எவரும் பறிக்கவில்லை. பாங்கு நாட்டுடைமைச் சட்டத்தை 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்றது; சில நாட்களுக்குள் புதிய அவசரச் சட்டம் வந்தது; கணக்கெழுதியவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தேர்தலை எதிர்த்து வழக்கும் நடந்தது. அந்தத் துண்டுப் பிரசுரமே அதில் முக்கியப் பொருள். பதவியில் உள்ள குடியரசுத் தலைவர் நேரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார் என்பது உலகத்தாருக்கு வியப்பளித்த காட்சி. வழக்குத் தள்ளுபடியாயிற்று. காங்கிரஸ் மட்டும் பிளந்தது. 1969 நவம்பர் 12-இல் பிரதமரைக் கட்சியினின்றும் நீக்கினார்கள், அவரோ பெரும்பான்மை உறுப்பினர்களோடு தனிக் கட்சி நடத்தினார். தொழிலாளரின் தலைவர் என்று கொண்டாடப்பட்ட கிரி, பதவியில் இருந்த ஐந்தாண்டும் மந்திரி சபை சொன்ன இடத்தில் கையொப்பமிட்டார். 1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தம் கடுமையாக ஒடுக்கப்பட்டபோது இராஷ்டிரபதி பவனத்தில் இருந்தவர் அந்தப் பழைய ரயில்வேச் சங்கத் தலைவரே.

இங்குதான் நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி வருகிறது. 1974 ஆகஸ்டில் அடுத்த தேர்தல் வந்தது. பக்ருதீன் அலி அகமது 7,65,587 வாக்கு மதிப்புப் பெற்றார். எதிர்த்து நின்ற திரிதிப் சௌதுரிக்கு 1,89,196. யாரும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நிற்கவில்லை. எந்தக் கூடத்திலும் வாதம் இல்லை. அச்சம் என்ற சொல்லே எழவில்லை. பத்து மாதங்களுக்குப் பின், 1975 ஜூன் 25 இரவில், அவ்வாறு அமைதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். மந்திரி சபைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு. பத்திரிகைகள் வாய் மூடப்பட்டன. மொரார்ஜி தேசாய் முதலிய தலைவர்கள் சிறையில் அடைபட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் கண்மூடினார். நாடு அப்போது நெருக்கடியில்தான் இருந்தது. 1969-இல் கிரிக்கு வாக்களித்த தி. மு. கழகத்தின் ஆட்சி 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது.

தலைவர் பிரதமரை மீறிவிடுவார் என்று 1969-இல் நடுங்கினோம். ஆறு ஆண்டில் வந்த துன்பம், தலைவர் பிரதமரைச் சிறிதும் மீறாததால் வந்தது. அன்றைய அச்சத்தைப் பேதைமை என்று நகைக்க நாம் துணியமாட்டோம். சர்வாதிகாரம் வரும் என்று சொன்ன வீட்டார் முற்றிலும் பொய் சொல்லவில்லையே! ஆயினும் அது கிரியின் வாயில் வழியாக வரும் என்று அங்கே விழித்திருந்தார்கள். அது வேறு வாயில் வழியாக, எவரும் காவலிராத இரவில் வந்தது.

சட்டத்திலிருந்த இடைவெளியைப் பின்னர்தான் அடைத்தார்கள். மந்திரி சபையின் யோசனைப்படியே தலைவர் நடக்க வேண்டும் என்பது 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் எழுத்தில் ஏறியது. ஒருமுறை மட்டும் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்பதும், மந்திரி சபையின் முடிவு எழுத்து மூலம் வந்தாலன்றி நெருக்கடிப் பிரகடனம் செய்யலாகாது என்பதும் 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தத்தால் வந்தவை. கூடத்தில் வாதிட்ட எவரும் 1969-இல் இவற்றைக் கேட்டதாக நாம் அறியோம். ஆளைப் பற்றியே பேசினார்கள். விதியைப் பற்றிப் பேசினவர்கள் வக்கீல்கள் மட்டுமே.

தோற்ற ரெட்டியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். தேர்தலுக்காகச் சபாநாயகர் பதவியைத் துறந்திருந்த அவர், தோல்விக்குப் பின் அனந்தப்பூர் மாவட்டத்தில் உள்ள இல்லூர் கிராமத்துக்குச் சென்று பயிர்த்தொழிலைக் கவனித்துவந்தார். 1977 தேர்தலில் ஆந்திரத்தில் ஜனதாக் கட்சியின் சார்பில் வென்றவர் அவர் ஒருவரே. மீண்டும் சபாநாயகரானார். பக்ருதீன் அலி அகமது அவ்வாண்டு பிப்ரவரியில் பதவியிலேயே காலமாகியிருந்தமையால், ஜூலையில் குடியரசுத் தலைவர் இடத்துக்கு ரெட்டி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். எவர் வந்தால் குடியரசே கவிழும் என்று பாதி நாடு நடுங்கியதோ, அவருக்கு எதிராக எட்டாண்டில் ஒரு வாக்குக்கூட விழவில்லை.

பதவியில் அவர் தம் விருப்பப்படி நடக்க நேர்ந்ததும் உண்டு. 1979-இல் மொரார்ஜி ஆட்சி விழுந்தது. அடுத்து வந்த சரண்சிங் லோக்சபையை ஒருநாளும் சந்திக்காமலே ஆகஸ்டு 20-ஆம் தேதி இராஜினாமாச் செய்தார். ஆட்சி அமைக்கத் தமக்கு வாய்ப்புத் தருமாறு ஜகஜீவன்ராம் கேட்டார். ரெட்டி இணங்கவில்லை, 22-ஆம் தேதி சபையைக் கலைத்தார். பங்களூரில் ரெட்டிக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட பெயர் அதே ஜகஜீவன்ராமின் பெயர்தான். பெரும்பான்மை இல்லாத சபையில் தலைவரின் கைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை நாடு அன்று கண்டது. 1969-இல் அஞ்சியவர்கள் முற்றிலும் காரணமின்றி அஞ்சவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கலைந்த சபைக்கு 1980 ஜனவரியில் தேர்தல் நடந்து, இந்திரா காந்தி பெரும்பான்மையோடு திரும்பினார். ஜனவரி 14-ஆம் தேதி இராஷ்டிரபதி பவனத்தில் அவருக்குப் பிரதமர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி.